கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம்: எங்கே தவறுகிறோம்?

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை பயிற்சி பெற்ற செவிலியர்கள், 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான். பின்வந்த ஆண்டுகளில், இந்தப் பரிசோதனைக்குத் தேர்வான ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது.

அதே ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் 1,874 பெண்களுக்கு இருந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். அத்தனை கவனத்துடன் நடந்த ஆய்விலேயே ஐநூறுக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். எனவே, எத்தனை பேரைப் பார்த்தோம் என்று மட்டும் கணக்கெழுதி முகாமை முடிப்பதையே மிகப் பெரிய தவறு என்பேன். உடம்பில் எந்த நோவும் இல்லாத ஒரு பெண், ஒரு நாள் கூலியை இழந்து, வீட்டில் சம்மதம் வாங்கி, மாவட்ட மருத்துவமனைக்கு மறுபடி பஸ் ஏறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. வெப்பத்தால் திட்டை அழிக்கும் கையடக்கக் கருவி பேட்டரியில் இயங்கும். சிகிச்சை சில நிமிடங்களில் முடியும். முடிந்தவரை அன்றே, அங்கேயே செய்துவிட வேண்டும். ஆனால் புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தாலோ, திட்டு கருப்பைவாயின் உட்குழாய்க்குள் நீண்டாலோ, முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ சுடக் கூடாது. அவர்களை மருத்துவரிடம் அனுப்பவேண்டும். கூட ஒருவர் போனால் இன்னும் நல்லது.

கரைசல் 3 முதல் 5 சதவீதம் இருக்கவேண்டும். அடர் அமிலம் 5 மில்லி, தண்ணீர் 95 மில்லி, அன்றன்று கலக்கவேண்டும். கலக்காத அமிலம் சதையைப் புண்ணாக்கிவிடும். தடவிய பின் ஒரு முழு நிமிடம் காத்திருக்கவேண்டும். வரிசை நீளும்போது முதலில் சுருங்குவது இந்த நிமிடம்தான். மங்கலான விளக்கும் அதே அளவு கேடு.

மாதவிடாய் நின்றவர்களுக்கு, பார்க்கவேண்டிய பகுதி உள்ளே நகர்ந்துவிடுவதால் இந்த முறையை நம்ப முடியாது. அவர்களுக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைக் கண்டறியும் பரிசோதனை ஏற்றது. உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் எல்லோருக்கும் அதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கூச்சமும் குறையும். முடிவு பிறகுதான் வரும் என்பதால், எந்த எண்ணில், யாரிடம் சொல்லலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும். பல வீடுகளில் பெண் கொடுக்கும் எண் கணவருடையது அல்லது மகனுடையது.

வெள்ளைத் திட்டு என்றதும் "புற்றுநோய்" என்று சொல்லிவிடுவது கொடுமை. திண்டுக்கல்லில் நூற்றில் பத்துப் பேருக்குத் திட்டு தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை.

உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவதாகவோ, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் உதிரம் வருவதாகவோ சொல்லும் பெண்ணை முகாம் வரிசையில் நிறுத்தாதீர்கள். திட்டு எதுவும் தெரியாவிட்டாலும் அவர் அந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.