மியூசியம் படங்கள காசில்லாம, களவில்லாம எடுக்கிறது எப்பிடி

கோயில் மலருக்கு, ஸ்கூல் கண்காட்சிக்கு, யூடியூப் தம்நெயிலுக்கு எண்டு எங்கட பொடியனுகள் கூகுள்ல தேடி முதல் வாற படத்த அப்பிடியே எடுத்துப் போடுறாங்க. அது ஆருட படம் எண்டும் தெரியாது, ப்ரிண்ட் எடுத்தா புள்ளி புள்ளியா உடையவும் செய்யும். பெரிய பெரிய மியூசியங்கள் லட்சக்கணக்கில நல்ல படங்கள இனாமா திறந்து வச்சிருக்கக்குள்ள இது தேவையே இல்ல.

நியூயோர்க்கில இருக்கிற மெட் மியூசியம் 2017ல 3,75,000க்கு மேல படங்கள திறந்து விட்டுது, மறுகா சிக்காகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட், கிளீவ்லன்ட் மியூசியம், 2020ல ஸ்மித்சோனியன் 28 லட்சம் எண்டு வரிசையா வந்தாங்க. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் இதுக்கெல்லாம் முந்தி 2012லயே தொடங்கிட்டுது. புதுசா பாக்கிற ஆக்கள் மெட்ல தொடங்குங்க, அக்கவுன்ட் ஒண்டும் திறக்கத் தேவல்ல.

சோழர் காலத்து நடராஜர் படம் ஒண்டு வேணுமெண்டு வைப்பம். மெட் சைட்ல கலெக்‌ஷன் பக்கத்துக்குப் போய் ஆங்கிலத்தில நடராஜா எண்டு அடிங்க, ஃபில்டர்ல ஓபன் எக்ஸஸ் எண்டத டிக் பண்ணுங்க, படத்த திறந்தா பப்ளிக் டொமைன் (ஆருக்கும் காப்புரிமை இல்ல, எல்லாரும் எடுக்கலாம் எண்டு அர்த்தம்) எண்டு போட்டிருக்கும், அங்கயே டவுன்லோட் பட்டன் கிடக்கும். அந்த பட்டனால மட்டும் எடுங்க. போன்ல படத்த அமத்திப் பிடிச்சு சேவ் பண்ணினா, ஸ்கிரீன்ஷொட் அடிச்சா சின்னப் படம்தான் வரும்.

இனி முக்கியமான விசயம். சிலைக்கு ஆயிரம் வருசம் ஆகியிருக்கலாம், ஆனா அந்தச் சிலைய போட்டோ புடிச்சவருக்கு அந்தப் போட்டோவில தனி உரிமை இருக்கலாம், அதனால "பழைய சாமான்தானே" எண்டு எடுக்க ஏலாது, அந்தப் படத்துக்கே பப்ளிக் டொமைன் இல்லாட்டி சிசி சீரோ (CC0, உரிமைய விட்டுக் குடுத்திட்டம் எண்ட அடையாளம்) எண்டு போட்டிருக்கா எண்டு ஒவ்வொரு படத்துக்கும் பாக்கணும். ஒரே மியூசியத்தில ஒண்டு ஃப்ரீயா இருக்கும், பக்கத்தில இருக்கிற புது ஓவியம் ஃப்ரீயா இராது. பிரிட்டிஷ் மியூசியம் சைட்ல கனக்கப் படம் டவுன்லோட் ஆகும், ஆனா அவங்கட லைசன்ஸ் வியாபாரத்துக்கு விடாது, டீசேர்ட் அடிச்சு விக்கிற யோசின இருந்தா அங்க எடுக்காதீங்க.

எங்கட நாட்டுச் சாமான் தேடுற எண்டா ஸ்ரீலங்கா எண்டு மட்டும் அடிக்காம சிலோன் எண்டும் அடிச்சுப் பாருங்க, 1972க்கு முந்தி அந்தப் பேர்தானே. இதுக்கு ரைக்ஸ்மியூசியம்தான் நல்லம். 1602ல ஸ்பில்பேர்கன் எண்ட ஒல்லாந்தர் வந்து இறங்கினது எங்கட மட்டக்களப்பிலதான், மறுகா 1638ல கோட்டையையும் போர்த்துக்கேயரிட்ட இருந்து புடிச்சாங்க, அதனால அந்தக் காலத்து இலங்கைப் படங்கள் அவங்களிட்ட இருக்கு. யான் பிராண்டஸ் எண்டவர் 1785, 86ல இஞ்ச வந்து வரைஞ்ச படங்களும் அங்கதான். வரலாறு படிப்பிக்கிற டீச்சர்மார் இதுகள கட்டாயம் பாக்கணும், பாடப்புத்தகத்தில வாற மங்கின படத்த விட எவ்வளவோ தெளிவு, பிள்ளைகளுக்கு பெருசாக்கி ஒவ்வொரு மூலையா காட்டலாம்.

ப்ரிண்டுக்கு ஏ4 எண்டா 2480க்கு 3508 பிக்சல் இருந்தா கண்ணுக்கு நல்லா விழும். தூர நிண்டு பாக்கிற பெனருக்கு இவ்வளவு நெருக்கமா தேவல்ல. ப்ரிண்ட் கடைக்கு வாட்ஸப்ல அனுப்புறீங்க எண்டா போட்டோவா அனுப்பாம டொக்கியுமென்டா அனுப்புங்க, இல்லாட்டி வாட்ஸப் சுருக்கிப் போடும், கல்முனையில அடிச்சாலும் கொழும்பில அடிச்சாலும் மங்கலாத்தான் வரும்.

சிசி சீரோ படத்துக்கு பேர் போடணும் எண்டு கட்டாயம் இல்ல. ஆனாலும் கீழ சின்னதா வரைஞ்சவர் பேர், வருசம், மியூசியம், அந்தப் பொருளுக்கு அவங்க குடுத்த நம்பர் நாலையும் போடுங்க. உங்கட மலரப் பாக்கிற ஒரு பிள்ளை அந்த நம்பர அடிச்சா அதே படத்த முழு சைஸில எடுக்கலாம்.