"நான் எப்படிம்மா பொறந்தேன்?"னு குழந்தை கேட்டா என்ன சொல்றது

நாலு வயசு வாண்டு இத கேட்டா நம்ம வீடுகள்ல பதில் ரெடியா இருக்கும், "உன்ன தவுட்டுக்கு வாங்குனோம்", இல்லனா சாமி குடுத்துச்சு. அதுவே சொந்தக்காரங்க நாலு பேர் முன்னாடி கேட்டுட்டா "ச்சீ வாய மூடு"தான். குழந்தைக்கு அதுல புரியறது ஒண்ணே ஒண்ணு, இத அம்மாகிட்ட கேட்டா திட்டு விழும். அப்புறம் கொஞ்சம் வளர்ந்ததும் போன்ல தேடும், இல்ல ஸ்கூல் வேன்ல பெரிய பசங்ககிட்ட கேட்கும்.

கேட்ட அன்னைக்கே கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்க, போதும். "அம்மா வயித்துல கர்ப்பப்பைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள வளர்ந்த"ன்னா பாதி பசங்க சரின்னுட்டு விளையாட ஓடிடும். எப்படி வெளிய வந்தேன்னு கேட்டா சிசேரியன் ஆனவங்க தழும்ப காட்டலாம், நார்மல்னா "குழந்தை வெளிய வர்றதுக்குன்னே அம்மாவுக்கு கீழ ஒரு வழி இருக்கு"ன்னு சொல்லலாம். உள்ள எப்படி போனேன்ங்கிறது பெரும்பாலும் ஏழெட்டு வயசுல வரும், அம்மா உடம்புல இருக்கற முட்டையும் அப்பா உடம்புல இருக்கற விந்தணுவும் சேர்ந்தா குழந்தை, இது பெரியவங்களுக்கு மட்டும்தான்னு சொன்னா அந்த வயசுக்கு போதும். டக்குன்னு வாய் வரலையா, "நைட்டு சொல்றேன்"னு சொல்லுங்க, ஆனா நைட்டு சொல்லிடணும்.

அடுத்து உடம்பு. குளிப்பாட்டும்போது கண்ணு, மூக்கு, தொப்புள்னு சொல்லிட்டே வந்து அதுக்கு கீழ போனதும் "ஷேம் ஷேம் பப்பி ஷேம்" ஆரம்பிச்சிடறோம். அத முதல்ல விடுங்க. வீட்டுல குஞ்சாமணி, பூன்னு செல்லப்பேர் இருந்தா இருந்துட்டு போகட்டும், ஆண்குறி பெண்குறிங்கிற பேரும் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா டீச்சர்கிட்ட போய் "அந்த அங்கிள் பூவ தொட்டாரு"ன்னு ஒரு குழந்தை சொன்னா அவங்க தலையில வச்ச பூவத்தான் நினைப்பாங்க.

குட் டச் பேட் டச் ஸ்கூல்லயே சொல்லித்தர்றாங்களேன்னு கேப்பீங்க. ஆனா தப்பா தொடறவன் எப்பவும் வலிக்கிற மாதிரி தொடமாட்டான், கிச்சுகிச்சு மூட்டி விளையாட்டு மாதிரிதான் ஆரம்பிப்பான், அதுவும் பெரும்பாலும் தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பான். அதனால ரூல நேரா வைங்க: ஜட்டி போடற இடத்த யாரும் தொடக்கூடாது, பாக்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, அவங்களோடத தொட சொல்லவும் கூடாது. குளிப்பாட்டறது, கழுவிவிடறது, அம்மா அப்பா பக்கத்துல இருக்கும்போது டாக்டர் பாக்கறது, இதுக்கு மட்டும் விலக்கு. "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு யார் சொன்னாலும் அதத்தான் முதல்ல அம்மாகிட்ட வந்து சொல்லணும். பையனுக்கும் இதே ரூல்தான்.

இதெல்லாம் சொல்லிக்குடுத்துட்டு ஊர்ல இருந்து வந்த மாமாவுக்கு முத்தா குடுன்னு தள்ளிவிட்டா எல்லாம் வேஸ்ட். அது உங்க முந்தானைக்கு பின்னாடி ஒளியுதுன்னா வணக்கம் சொன்னா போதும்னு விட்டுருங்க, மாமா கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

டிவி பாத்துட்டே கை ஜட்டிக்குள்ள போகுதா, சின்ன வயசுல சகஜம், அடிக்காதீங்க. அரிப்போ புண்ணோ இருக்கான்னு பாருங்க, எல்லார் முன்னாடியும் செய்யற விஷயம் இல்லன்னு மெதுவா சொல்லிட்டு கையில வேற வேலை குடுங்க.

ஒருநாள் வந்து யாரோ தொட்டாங்கன்னு சொன்னா அங்கயே அலறாதீங்க, எவ்ளோ கொதிச்சாலும். "சொன்னது நல்லது, உன்மேல தப்பே இல்ல"ன்னு மட்டும் சொல்லுங்க, பாட்டிகிட்ட சொல்லு சித்திகிட்ட சொல்லுன்னு திரும்பத்திரும்ப சொல்ல வைக்காதீங்க. குழந்தைங்க உதவி எண் 1098க்கு காசில்லாம எந்நேரமும் கூப்பிடலாம். குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்த 2012ல வந்த போக்சோ சட்டம் 18 வயசுக்குள்ள இருக்கற பையன் பொண்ணு ரெண்டு பேருக்கும் பொருந்தும். வாக்குமூலம் குடுக்க குழந்தைய ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போகணும்னு இல்ல, வீட்டுக்கே வந்து எடுக்கலாம், எடுக்கற போலீஸ் யூனிஃபார்ம்ல இருக்கக்கூடாது, குழந்தையோட பேர வெளிய விடவும் கூடாது.