தொலைதூரத் தீவுகளுக்கிடையே நண்பர்களோடு படகில் வாழ்வதற்கு

வெப்பமண்டலத் தீவுகளைக் காணப் படகிலேயே தங்கிப் பயணம் செய்ய விரும்புவோர், முதலில் புயல் பருவத்தைக் கணக்கில் கொண்டு மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தென் பசிபிக்கில் அது நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீடிக்கிறது. நன்னீரை ஒரே தொட்டியில் வைக்காமல் பிரித்துச் சேமியுங்கள். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, இறுதியில் மட்டும் நன்னீரால் அலசினால் போதும்.

பவளப்பாறைகள் நிறைந்த நீர்ப்பரப்பில் நுழைவதே இப்பயணத்தின் மிகக் கடினமான பகுதி என்பது என் கருத்து. தொலைதூரத் தீவுகளின் கடல் வரைபடங்கள் பல பழைய அளவீடுகளைச் சார்ந்தவை என்பதால் அவற்றை மட்டும் நம்பாமல், சூரியன் உயர்ந்து முதுகுப்புறம் இருக்கும் வேளையில், ஒருவர் முன்பகுதியில் நின்று நீரின் நிறத்தைக் கவனித்துச் சொல்ல, மெதுவாகச் செல்லுங்கள்: கருநீலம் ஆழத்தையும், வெளிர்பச்சை ஆழம் குறைந்த மணலையும், பழுப்பு நிறம் பாறையையும் காட்டும். நங்கூரத்தை மணலில் மட்டுமே இறக்குங்கள். பவளம் மிக மெதுவாக வளரும் உயிர், சங்கிலியின் ஓர் இழுப்பு அதன் பல்லாண்டு வளர்ச்சியை அழித்துவிடும். நீரின் ஆழத்தோடு படகின் முன்பகுதி உயரத்தையும் கூட்டி, அதன் 5 மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடுங்கள்; காற்று வலுத்தால் 7 மடங்கு.

சமையல், இரவுக் காவல், செலவு ஆகியவற்றை நண்பர்கள் புறப்படும் முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஆனால், படகைச் செலுத்துவது பற்றிய இறுதி முடிவு ஒருவரிடமே இருக்க வேண்டும்.