கொண்டோ மேலாளர் யாருக்கு வேலை செய்கிறார்? தொழிலைக் கெடுக்கும் சில தவறுகள்

செந்தூல், செத்தாப்பாக், கெப்போங், பழைய கிள்ளான் சாலை என்று கோலாலம்பூரில் எந்தப் பக்கம் போனாலும் பிளாட்டும் கொண்டோவும்தான். அவற்றின் மேனேஜ்மென்ட் ஆபீஸ்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவர் ஹோட்டல் வரவேற்பு மேசையிலிருந்து வந்திருப்பார், இன்னொருவர் செக்யூரிட்டி கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்திருப்பார், மற்றொருவர் கணக்கு கிளார்க். வேலையில் சேர்ந்த பிறகுதான் வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். பலருக்கு முன்பிருந்தவர் செய்ததே பாடம், அவர் செய்த தவறுகளும் சேர்த்து.

"மரியாதையாகப் பேசு, போனை எடு" என்கிற அறிவுரை எந்த வேலைக்கும் பொருந்தும் என்பதால் அதை விட்டுவிடுவோம். இந்தத் தொழிலுக்கே உரிய தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. மேலாளர் தன்னைக் கொமிட்டித் தலைவரின் ஆளாக நினைத்துக்கொள்கிறார். அவருக்குச் சம்பளம் தருவது தலைவர் அல்ல, வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பு. ஸ்ட்ராட்டா பட்டா, அதாவது ஒவ்வொரு வீட்டுக்குமான தனி உரிமைப் பத்திரம், வருமுன் அதற்கு ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) என்று பெயர். பட்டா வந்து முதல் பொதுக்கூட்டம் நடந்த பின் எம்சி (நிர்வாகக் கழகம்). இதன் சார்பில் உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் கொமிட்டி. 757ஆம் சட்டம் என்று எல்லாரும் சொல்லும் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் 1 முதல் கோலாலம்பூரில் நடப்பில் இருக்கிறது. அதைப் படிக்காமல் மேலாளர் நாற்காலியில் உட்காருவதே முதல் தவறு.

தலைவர் சொன்னார், செய்தேன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலைவர் கூப்பிடுவார். "தம்பி, பெயிண்ட் வேலைக்கு நம்ம ஆளு ஒருத்தர் வருவாரு, நாளைக்கே ஆரம்பிச்சிடச் சொல்லுங்க." இவரும் "சரிண்ணே" என்று சொல்லிவிடுவார். கொட்டேஷன் இல்லை, கொமிட்டித் தீர்மானம் இல்லை. ஆண்டு முடிவில் கணக்காய்வாளர் வந்து பில்லைக் காட்டிக் கேட்கும்போது தலைவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

மறுப்பதற்குச் சண்டை போடத் தேவையில்லை. "செய்யலாம்ணே, இன்னும் ரெண்டு கொட்டேஷன் எடுத்துக் கூட்டத்துல வெச்சிடுறேன், மினிட்ஸ்ல ஏறினதும் ஆரம்பிச்சிடலாம்" என்றால் போதும். அதையே அன்றிரவு ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவைக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் ஒருவர் தொடர்ந்து 2 தவணைக்கு மேல் இருக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. அவர் போய்விடுவார், நீங்கள் கையெழுத்துப் போட்ட பேமென்ட் வவுச்சர் கோப்பிலேயே இருக்கும்.

பணத்தில் செய்யும் தவறுகள்

பராமரிப்புக் கணக்கு வேறு, சிங்கிங் ஃபண்ட் எனும் சேமநிதிக் கணக்கு வேறு. பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டை உரிமையாளர்கள் கூடுதலாகச் சிங்கிங் ஃபண்டுக்குக் கட்டுகிறார்கள். அது கட்டடத்துக்கு மறுபடி வர்ணம் பூசுவது, பழுதான பம்பையும் லிப்ட் பாகங்களையும் மாற்றுவது, பொது இடத்தைப் புதுப்பிப்பது போன்ற பெரிய செலவுகளுக்கான பணம். பாதுகாவலர் சம்பளத்துக்கும் மின்சார பில்லுக்கும் உரியதல்ல.

நடப்பது என்ன? பாதி வீடுகள் கட்டணம் கட்டாத மாதத்தில் செக்யூரிட்டி கம்பெனி ஆளை எடுத்துவிடுவேன் என்று மிரட்டும். "அடுத்த மாசம் திருப்பிப் போட்டுடலாம்" என்று சிங்கிங் ஃபண்டிலிருந்து எடுப்பார்கள். அடுத்த மாதமும் வசூல் அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடினால், லிப்ட் மோட்டார் நிற்கும் நாளில் கணக்கில் எதுவும் இருக்காது. பதினைந்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு அதன் கணக்கு காலில் தெரியும். வசூல் குறைந்தால் அதைக் கொமிட்டியிடம் வெளிப்படையாக வைத்து, செலவைக் குறைப்பதா, கட்டண உயர்வைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோவதா என்று கேட்க வேண்டும். அந்தப் பேச்சு கசப்பாக இருக்கும் என்பதற்காகத்தான் பலரும் நிதியில் கை வைக்கிறார்கள்.

கட்டணக் கணக்கிலும் தவறு உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகுக்கு (ஷேர் யூனிட்) ஏற்பத்தான் கட்டணம் கணக்கிடப்பட வேண்டும். சின்ன வீட்டுக்கும் மேல்மாடிப் பெரிய வீட்டுக்கும் ஒரே தொகை என்று பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் கேள்வி கேட்கும் வரைதான் அது ஓடும். தாமதக் கட்டணமும் அப்படியே. ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போட இடமில்லை. "லேட் ஆனா மாசம் இருபது வெள்ளி" என்பதெல்லாம் ஆபீஸ் கண்டுபிடிப்பு.

கட்டாதவரைத் தண்டிக்கும் ஆசை

கோபம் வருவது நியாயம்தான். ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் மற்றவர் செலவும் விழுகிறது. ஆனாலும் தண்ணீர்க் குழாயை மூடுவது சட்டம் தந்த வழிகளில் இல்லை. சட்டம் தரும் வழிகளே போதுமான அளவுக்குக் கடுமையானவை. எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்பி 14 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகலாம், ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் போகலாம், கட்டட ஆணையரிடம் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஜப்தி ஆணை கேட்கலாம். நடுவர் மன்றத்தில் 250,000 ரிங்கிட் வரை கோரலாம். நோட்டீசைத் தகுந்த காரணமின்றி மதிக்காமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதமோ சிறையோ வரலாம்.

நுழைவு அட்டையை முடக்கலாம், நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் நிறுத்தலாம். அட்டையை மறுபடி இயக்க 50 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. ஆளை வீட்டுக்குப் போகவிடாமல் வாசலில் நிறுத்துவது வேறு கதை. அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போக வழி இருக்க வேண்டும். பாக்கி வைத்தவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், ஆனால் மாதாமாதம் திருத்த வேண்டும். பணம் கட்டி முடித்தவர் பெயர் இரண்டு மாதம் தொங்கிக்கொண்டிருந்தால் அவர் வழக்குப் போடுவதில் ஆச்சரியமில்லை. அந்தப் பட்டியலை அடையாள அட்டை எண்ணோடும் போன் நம்பரோடும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

"மேல் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்"

கூரை ஒழுகுகிறது என்று வருபவரிடம் ஆபீஸ் சொல்லும் இந்தப் பதில் கடமையைக் கைகழுவுவது. புகார் கிடைத்த 7 நாளுக்குள் ஆய்வு செய்து, ஆய்வு முடிந்த 5 நாளுக்குள் ஆய்வுச் சான்றிதழ் தர வேண்டும் என்று இதே சட்டத்தின் 2015 விதிமுறைகள் சொல்கின்றன. வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, கசிவு மேல் வீட்டிலிருந்துதான் என்று எடுத்துக்கொள்ளப்படும். பொதுக் குழாயில் உடைப்பு என்று தெரிந்தால் செலவு நிர்வாகத்துடையது. சிலர் ஆய்வையே தள்ளிப்போடுவது இதனால்தான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மேலும் கீழும் இருக்கும் இரண்டு குடும்பங்களை மோதவிட்டு ஆபீஸ் வேடிக்கை பார்ப்பதைவிட மோசமான மேலாண்மை இல்லை.

நோட்டீஸ் ஒட்டினால் அது விதியாகிவிடாது. கூடுதல் விதிகளுக்குப் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு. மோன்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் கொண்டோவில் குறுகிய கால வாடகைக்குத் தடை விதித்த எம்சி 2020இல் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றது. அந்தத் தடை உரிமையாளர்கள் கூடித் தீர்மானித்த விதி. ஆபீஸ் கதவில் ஒட்டிய காகிதமாக இருந்திருந்தால் வழக்கு அவ்வளவு தூரம் நின்றிருக்காது.

நோட்டீஸ் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியைத் தீபாவளிக்கு முதல் நாள் போடுகிற ஆபீஸ்களை என்ன சொல்ல? முறுக்கு சுடும் வீட்டில் தண்ணீர் இல்லை. தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் மூன்றையும் நாட்காட்டியில் வட்டமிட்ட பிறகு ஒப்பந்ததாரரிடம் தேதி பேச வேண்டும்.

காப்புறுதி, லிப்டின் தகுதிச் சான்றிதழ், தீயணைப்புக் கருவிகள் ஆகியவற்றின் காலாவதித் தேதிகள் சுவரில் இருக்கட்டும். ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு என்கிற விதியும் உண்டு. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததை நினைவிருப்பவர்கள், சரிவில் நிற்கும் கட்டடத்தின் வடிகாலைச் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள்.

வெளி நிறுவனத்தை அமர்த்துவதானால் கொமிட்டிக்கும் வேலை இருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, கட்டணம் வாங்கிச் சொத்து மேலாண்மை செய்கிறவர் மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள், சொத்து மேலாளர்கள் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கச் சில நிமிடம் போதும். மலிவான கட்டணம் சொன்னார் என்பதற்காக அந்தச் சில நிமிடத்தைச் செலவழிக்காத கொமிட்டிகளும் உண்டு.

வேலையை விட்டுப் போகும்போது செய்யும் தவறு கடைசி. கோபத்தில் போகிறவர் கோப்புகளைக் கலைத்துவிட்டுப் போகிறார். புதியவர் மூன்று மாதம் தேடுகிறார். உரிமையாளர் பதிவேடு, கட்டட வரைபடம், காப்புறுதிப் பத்திரம், ஒப்பந்தங்கள், மினிட்ஸ், சாவிகள், கேமரா கடவுச்சொல் என ஒவ்வொன்றையும் எழுதி, ஒப்படைத்தவரும் பெற்றவரும் கையெழுத்திட்ட பிறகே கிளம்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.