பரணில் கிடக்கும் கிட்டாரை நல்ல விலைக்கு விற்பது எப்படி?

கொரோனா ஊரடங்கில் ஆசையாக வாங்கிய கிட்டார், பெண் ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்ட கீபோர்டு, காலேஜ் பேண்டு கலைந்ததும் கட்டிலுக்கு அடியில் போன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி). இப்படி ஏதாவது ஒன்று பல வீடுகளில் உண்டு. வாசிக்காமல் வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் சித்திரை வெயிலுக்குக் கிட்டாரின் பசை இளகும். ஐப்பசி மழை ஈரத்துக்குத் தந்தி துருப்பிடிக்கும்.

இந்தப் பொருட்களை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் புதிதாக வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர், சர்ச்சில் வாசிக்கிற பையன்கள், சின்ன மெல்லிசைக் குழுக்காரர்கள். உள்ளே என்ன கோளாறு ஒளிந்திருக்கிறதோ என்பதுதான் அவர்களுடைய ஒரே பயம். அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேரம் பாதியாகக் குறையும்.

படி 1: கையில் இருப்பது என்ன?

கம்பெனி, மாடல் எண், சீரியல் எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் நடுவில் உள்ள ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் லேபிள் தெரியும். எலெக்ட்ரிக் கிட்டாரில் பெரும்பாலும் தலைப்பகுதியின் முன்னோ பின்னோ இருக்கும். மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் கம்பெனிக் கிட்டாரில் எண் 'எம்எக்ஸ் 12' என்று தொடங்கினால் 2012-ல் செய்தது என்று பொருள்.

விலை உயர்ந்த அமெரிக்கக் கம்பெனியான கிப்சன் என்று நினைத்துப் பலர் ஏமாறுவார்கள். பழைய கிட்டாரில் 'கிவ்சன்' என்று இருந்தால் அது கொல்கத்தா கம்பெனி. மோசமில்லை, ஆனால் விலை வேறு. கிப்சன் என்றே எழுதியிருந்தால், கழுத்தின் மேல்முனையில் உள்ள சின்ன மூடியில் எத்தனை திருகு என்று எண்ணுங்கள். அசல் கிப்சனில் இரண்டுதான். மூன்று இருந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளலாம். தெரிந்தே அதை அசல் என்று விற்பது மோசடி.

படி 2: நீங்களே முதல் ஆய்வு செய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்துகொள்ளுங்கள். 12-வது ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) மேல் ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சிக்கும் தடித்த ஆறாவது தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். (ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும், பிளாஸ்டிக் ஸ்கேலில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள்.) அக்கூஸ்டிக்கில் 2.5 மி.மீ. பக்கம் இருந்தால் அருமை. 4 மி.மீ.யைத் தாண்டினால் புதிதாகப் பழகுபவர் விரல் தாங்காது. கழுத்து வளைந்திருக்கலாம், அல்லது பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைப் பலகையில் பிடித்திருக்கும் கட்டை) தூக்கியிருக்கலாம். கழுத்தை நேராக்க உள்ளே ட்ரஸ் ராட் என்ற கம்பி உண்டு. பழக்கமில்லாமல் அதைத் திருகாதீர்கள். ரிப்பேர்காரர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

அடுத்தது தாள். தந்திகள் இறுக்கமாக இருக்கும்போதே பிரிட்ஜின் பின் விளிம்பில் தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது. நுழைந்தால் பசை விட ஆரம்பித்துவிட்டது. அப்படியே பக்கவாட்டில் குனிந்து, பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு மாதிரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். லேசான உப்பல் சகஜம். பசை விட்டிருந்தால் ஒட்டிய பிறகு விற்கலாம், அல்லது அதைச் சொல்லிவிட்டுக் குறைந்த விலைக்குத் தரலாம்.

அப்புறம் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்டுங்கள். எங்கே 'ஜ்ஜ்' என்று அதிர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டில் முதல் வேலை, பேட்டரிப் பெட்டியைத் திறப்பது. மறந்துபோன பேட்டரி கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். பிறகு எல்லாக் கட்டைகளையும் ஒரே பலத்தில் அழுத்திக் கேளுங்கள். ஒன்று மட்டும் அலறினாலோ ஊமையானாலோ உள்ளே ரப்பர் போயிருக்கலாம். ஆம்பில் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து நாலைந்து முறை திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடாப்டர் விஷயத்தில் கவனம். பாஸ் (Boss) போன்ற கம்பெனிகளின் பெடல்களுக்கு (கிட்டார் ஒலியை மாற்றும், காலால் மிதிக்கும் பெட்டி) 9 வோல்ட், அடாப்டர் பின்னின் நடுமுனை நெகட்டிவ். யமஹாவின் பல கீபோர்டுகளுக்கு 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். முனை ஒன்று போலவே தெரிந்தாலும் மாற்றிக் குத்தினால் பெடல் புகைந்துவிடலாம். எது எதற்கு என்று டேப் ஒட்டி எழுதிக் கொடுங்கள்.

படி 3: சுத்தம் செய்யுங்கள், அழகு செய்யாதீர்கள்

பழைய தந்தியைக் கழற்றி, தூசி துடைத்து, புதுத் தந்தி போடுங்கள். சில நூறு ரூபாய்தான். துருப்பிடித்த தந்தியோடு எந்தக் கிட்டாரும் தகரம் மாதிரிதான் கேட்கும். ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) காய்ந்து வெளிறியிருந்தால் ஒரு துளி லெமன் ஆயில். வார்னிஷ் பூசிய மேப்பிள் கழுத்துக்கு அது வேண்டாம். கீறலை மறைக்கப் பெயின்ட் அடிப்பது, உப்புத்தாள் போடுவது எல்லாம் விலையைக் கெடுக்கும்.

படி 4: விலை

வாங்கியபோது கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள். அதே மாடல் இன்று கடையில் புதிதாக என்ன விலை என்று பாருங்கள். ஆரம்பநிலைப் பொருள் நல்ல நிலையில் இருந்தால் அதில் 50 முதல் 60 சதவீதம் என்பது என் கணக்கு. புதிது 10,000 ரூபாய் என்றால், 6,500 போட்டு 5,500-க்கு முடிக்கலாம். பெயர் தெரியாத கம்பெனி என்றால் இன்னும் கீழே. பை, கேப்போ (கழுத்தில் மாட்டும் கிளிப்), ஸ்டாண்ட் எல்லாம் விலையை ஏற்றாது. ஆனால் இரண்டு விளம்பரங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர் உங்கள் பக்கம் வருவார்.

கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டால் வேலை சுலபம், பணம் குறைவு. அவர்களும் லாபம் பார்க்க வேண்டுமே. ஏப்ரல், மே மாதங்களில் கோடை வகுப்புக்காகத் தேடுபவர்கள் அதிகம், பங்குனியிலேயே தயாராகிவிடுங்கள்.

படி 5: படமும் விளம்பரமும்

ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சம், வெறும் பாய் அல்லது போர்வை. முன், பின், தலை, லேபிள், பக்கவாட்டிலிருந்து பிரிட்ஜ், ஃப்ரெட்டுகள். அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துத் தனிப்படம். அரை நிமிட வீடியோவில் நாலு கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரங்கள்) வாசியுங்கள். உங்களுக்கு வராவிட்டால் தந்தியை ஒவ்வொன்றாக மீட்டினால் போதும்.

எழுதும்போது குறையை மேலே போடுங்கள்: 'யமஹா எஃப்310. 2020-ல் வாங்கியது. பின்புறம் ஒரு கீறல், மூன்றாவது படம். மூன்றாவது தந்தி 7-வது ஃப்ரெட்டில் லேசான அதிர்வு. மற்றபடி சரியாக இருக்கிறது.' இதைப் படித்துவிட்டு வருபவர் அதையே காட்டி விலையைக் குறைக்க முடியாது.

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் போடலாம். அதற்கு முன் பக்கத்துத் தெரு மியூசிக் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரிடம் எப்போதும் கிட்டார் தேடும் இரண்டு பேர் இருப்பார்கள்.

படி 6: பேச்சும் பணமும்

"அண்ணா, கடைசி ரேட் எவ்ளோ?" என்று முதல் மெசேஜே வரும். "நேர்ல வந்து வாசிச்சுப் பாருங்க தம்பி, பேசிக்கலாம்" என்பது போதும். உண்மையில் வேண்டியவர் வருவார்.

பொருளைப் பார்க்காமலே முழு விலைக்கும் ஒத்துக்கொள்பவரிடம் உஷார். ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது என்று சொல்லி, பணம் வர ஸ்கேன் செய்யுங்கள் என்று கியூஆர் கோடு அனுப்புவது பழைய மோசடி. பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் கேட்டால் உங்கள் பணம்தான் போகப் போகிறது. அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

படி 7: வெளியூருக்கு அனுப்பினால்

தந்தியை இரண்டு சுற்று தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். வழியில் முதலில் உடைவது தலையும் கழுத்தும் சேரும் இடம்தான். தலைக்கு அடியிலும் சுற்றிலும் துணியைத் திணித்து, பையோடு அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே அசையக் கூடாது. மூடும் முன் சீரியல் எண்ணோடு ஒரு வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) போல உங்கள் பெயரில் பதிவு செய்தது என்றால் கம்பெனி தளத்தில் அந்தப் பதிவை நீக்குங்கள். கையோடு விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தீபாவளி வரைக்கும் "சார், இருக்கா?" என்று வந்துகொண்டே இருக்கும்.