பூசணம் பூத்துப் போன பழைய படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கி கார்த்திகை வரை இரண்டு பருவமழையும் வாங்குகிற கன்னியாகுமரி மாவட்டம் எங்களுடையது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் இருக்கும் வீடுகளிலிருந்து வருகிற ஆல்பங்களைத் திறந்ததுமே அந்தப் புழுங்கின வாடை அடிக்கும். நாகர்கோவிலில் பழைய புகைப்படங்களைச் சுத்தம் செய்து ஸ்கேன் எடுத்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வேலை பழகும் இரண்டு பிள்ளைகள் போன வாரம் செய்ததைப் பார்த்ததும், நான் பழகிய காலத்தில் செய்தது அப்படியே கண்முன் வந்தது. நனைந்ததை உள்ளே வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஈரத்துணி

பூசணத்தைப் பார்த்ததும் கை தானாக ஈரத்துணியைத் தேடும். அங்கேதான் படம் போகிறது. கருப்பு வெள்ளைப் படத்தின் உருவம் காகிதத்தில் இல்லை, அதன் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சுக்குள் இருக்கிறது. ஜெலட்டின் கால்நடைகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பூஞ்சைக்கு நல்ல தீனி. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீர் பட்டாலே கரைகிற நிலைக்கு வந்துவிடும். பார்வைக்கு நாலு வெள்ளைப் புள்ளிதான் தெரியும்.

அப்பா இறந்த பிறகு, அம்மா மச்சிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து வந்து, “மக்ளே, இத கொஞ்சம் தொடச்சுத் தா” என்றார். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே ஒரு இழுப்பு. அப்பாவின் நெற்றியும் வலது கண்ணும் சாம்பல் நிறக் கூழாகத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அந்த இடத்தில் வெறும் காகிதம் தெரிந்தது. நெகட்டிவ் கிடையாது, இன்னொரு பிரதியும் கிடையாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வாங்கி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனார். இன்றைக்கும் ஈரத்துணியோடு யாராவது ஆல்பத்தின் பக்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகளிடமும் அன்று சத்தம் போட்டுவிட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? துடைப்பதற்கு முன் போனிலாவது ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் விரித்துப் போடுங்கள். பூசணம் காய்ந்து பொடியான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே வைத்து, மெல்லிய பிரஷால் தொட்டும் தொடாமலும் ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் காயவில்லை, கை வைக்காதீர்கள். பளபளப்பு போன இடம் திரும்பி வராது. அதைத் தேய்த்து மீட்க முடியாது.

உச்சிவெயில்

படம் சுருளும், வண்ணம் வெளிறும்.

பாச்சா உருண்டை

பூச்சிக்கு உள்ளது. ஈரத்தை இழுக்காது.

மழை நாளில் கவருக்குள் போட்டு மூடுவது

அன்றைய ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். மாசி, பங்குனியில் காய்ந்த மதிய நேரம் பார்த்து மூடுங்கள். சிலிக்கா ஜெல் போடுவதாக இருந்தால் இறுக்கி மூடும் டப்பா வேண்டும். நீலம் ரோஸாக மாறுகிற வகை என்றால், ரோஸ் ஆனதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். வாங்கிப் போட்டதோடு மறந்த பொட்டலத்தால் பயன் இல்லை.

வெளிச்சுவரோடு ஒட்டிய பீரோ

நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய படம்

சட்டத்திலிருந்து கழற்றும்போது படம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பிளேடும் வேண்டாம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள்.