ரோம வரலாறு படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினொன்றாம் வகுப்பில் வரலாறு எடுத்த நான்கு பிள்ளைகள் சனி, ஞாயிறு மாலையில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். சி.பி.எஸ்.இ. பாடத்தில் ரோமப் பேரரசுக்கு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, ‘மூன்று கண்டங்களில் பரவிய பேரரசு’ என்று. போன மாதம் அதிலிருந்து ஒரு கேள்வி கொடுத்து எழுதச் சொன்னேன். நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், எட்டு வருடத்துக்கு முன்னால் நானே எழுதிய விடைத்தாளைத் திரும்பப் படிப்பது போல இருந்தது. அதே வரிகள், அதே இடத்தில் அதே சறுக்கல். எனக்கு ஆண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் புரிந்தது. இவர்களுக்காவது அதற்கு முன்னாலேயே புரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெயரை எழுத்துப் பிழையோடு எழுதுவது, நேரம் போதாமல் கடைசிக் கேள்வியை விடுவது இதெல்லாம் எல்லாப் பாடத்துக்கும் பொது. அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே பெயரில் இரண்டு பேர்

பிளினி என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், தாய்மாமாவும் மருமகனும். மாமா பெரிய அறிவியல் தொகுப்பு எழுதியவர், கப்பற்படைத் தளபதி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். அப்போது 17 வயதில் இருந்த மருமகன், மாமா இறந்த விதத்தைப் பல வருடம் கழித்து டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியருக்குக் கடிதமாக எழுதினார். டிராஜன் பேரரசருக்கு ஆளுநராக இருந்து கடிதம் கடிதமாக எழுதியவரும் இந்த மருமகன்தான். நான் பதினொன்றாம் வகுப்பில், ‘ரோமின் பணமெல்லாம் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி டிராஜனிடம் முறையிட்டார்’ என்று எழுதினேன். அந்தக் குறையைச் சொன்னது மாமா. அவர் இறந்து 19 வருடம் கழித்துத்தான், கி.பி. 98-ல், டிராஜன் பதவிக்கே வந்தார்.

இந்த முறை ஒரு நோட்டில், ‘டைபீரியஸ் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தார், அகஸ்டஸுக்குப் பிறகு பேரரசரானார்’ என்று இருந்தது. நிலத்துக்காகப் போராடிய டைபீரியஸ் கிராக்கஸ் கி.மு. 133-லேயே கொல்லப்பட்டார். பேரரசர் டைபீரியஸ் பதவியேற்றது கி.பி. 14-ல். ரோமானியர்களிடம் முதற்பெயர்கள் கொஞ்சம்தான், அதையே அப்பா, மகன், பேரன் என்று வைத்துக்கொண்டே போவார்கள். அதற்கு நேர்மாறாக, ஆக்டேவியஸ், ஆக்டேவியன், அகஸ்டஸ் மூன்றும் ஒரே ஆள், ரோமின் முதல் பேரரசர். பெயர் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் இறந்த ஆண்டையும் சின்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கி.மு., கி.பி. கணக்கு

பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு கிடையாது. அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டது 40 வருடம், 41 அல்ல.

‘யார் சொன்னது?’ என்று கேட்காமல் எழுதுவது

இதுதான் எனக்கு நிறைய மதிப்பெண்ணைத் தின்ற தவறு. இப்போதும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘ரோம் எரிந்துகொண்டிருந்தபோது நீரோ பிடில் வாசித்தான்.’ மேடைப் பேச்சில், தலையங்கத்தில், வாட்ஸ்அப்பில் என்று இதைக் கேட்காமல் தமிழில் வளர்ந்தவர்கள் இருக்க முடியாது. அதனால் அந்த அத்தியாயத்தைத் திறக்கும்போதே நமக்கு நீரோ தெரிந்தவர் ஆகிவிடுகிறார். பேரரசர்களுக்கும் பிரபுக்கள் அவையான செனட்டுக்கும் இருந்த உறவைப் பற்றி எழுதச் சொல்லித் தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்வி வந்தது. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நீரோ பிடில் வாசித்தார், கலிகுலா தன் குதிரையைக் கான்சல் (ரோமின் மிக உயர்ந்த பதவி) ஆக்கினார், டொமீஷியன் கொடுங்கோலர், டிராஜன் நல்லவர், அகஸ்டஸ் மிக நல்லவர் என்று ஒரே வேகம். கிடைத்தது இரண்டு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் எங்கள் ஆசிரியை இரண்டே சொல் எழுதியிருந்தார்: ‘யார் சொன்னது?’

விடைத்தாளோடு போய்ச் சண்டை போட்டேன். அவர் பதில் சொல்லாமல் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தியைக் காட்டினார். ரோமைப் பற்றி இன்று மிஞ்சியிருக்கும் வரலாறுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் செனட் பின்னணியில் வந்தவர்கள், செனட்டோடு எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்தே அவர்கள் ஒரு பேரரசரை நல்லவர், கெட்டவர் என்று எடைபோட்டார்கள் என்று அதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலே அதுதான். நான் அந்தப் பத்தியைப் படித்ததே இல்லை, ஏனென்றால் கைடில் அது இல்லை. கைடு போடுகிறவர்கள் தேதியையும் பெயரையும் வைத்துக்கொண்டு இந்த மாதிரி வரிகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இன்றைக்கு வருகிற கைடுகளும் அப்படித்தான் இருக்கின்றன.

சரி, நீரோவையே எடுத்துக்கொள்வோம். தீ பிடித்தது கி.பி. 64 ஜூலையில். இதைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். டாசிட்டஸ் செனட் உறுப்பினர்; தீயின்போது சிறுவன், எழுதியது ஏறத்தாழ 50 வருடம் கழித்து. சுவெட்டோனியஸ் அப்போது பிறக்கவே இல்லை. செனட்டுக்கு அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவர், பிற்பாடு அரண்மனையில் செயலாளராக இருந்தவர். மூன்றாமவர் காசியஸ் டியோ, இவரும் செனட் உறுப்பினர், எழுதியது 150 வருடத்துக்கும் மேல் கழித்து.

இப்போது மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீரோ ட்ராய் நகரம் அழிந்த பாட்டைப் பாடினார் என்பதை டாசிட்டஸ் வதந்தி என்றே எழுதுகிறார், இடம் வீட்டுக்குள் இருந்த தனி மேடை. சுவெட்டோனியஸ் அதை நடந்த விஷயமாகவே எழுதுகிறார், ஆனால் இடம் மெசீனஸ் கோபுரம். டியோவும் நடந்ததாகத்தான் சொல்கிறார், இடம் அரண்மனைக் கூரை. வருடம் தள்ளத் தள்ள சந்தேகம் குறைகிறது, காட்சி பெரிதாகிறது. பிடில் என்ற வாத்தியமே அன்றைக்குக் கிடையாது, அவர் வாசிப்பது யாழ் மாதிரியான நரம்புக் கருவி. அதே டாசிட்டஸ் இன்னொன்றும் சொல்கிறார்: தீ பிடித்தபோது நீரோ ஊரிலேயே இல்லை, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தார், திரும்பி வந்ததும் தன் தோட்டங்களை வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிட்டார், ஓஸ்டியாவிலிருந்து பொருட்களை வரவழைத்தார், தானிய விலையைக் குறைத்தார். நீரோவை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்படிப்பட்டவரே இதை எழுதியிருக்கிறார் என்பதால்தான் இதற்கு எடை அதிகம்.

இதைச் சொன்னதும் ஒரு பையன், “அப்போ நீரோ நல்லவராக்கா?” என்றான். அது அடுத்த தவறு. தன் தாயையே கொல்ல வைத்தவர் அவர். கட்சி மாறச் சொல்லவில்லை, எந்த வரி யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். நீரோ இறந்த பிறகும் பல காலம் அவர் சமாதியில் பூ வைக்கிறவர்கள் இருந்தார்கள் என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார். பூ வைத்தவர்கள் யாரும் புத்தகம் எழுதி வைக்கவில்லை. டொமீஷியன் கி.பி. 96-ல் கொல்லப்பட்டபோது செனட்டில் ஒரே கொண்டாட்டம், மக்கள் கண்டுகொள்ளவில்லை, படைவீரர்கள் மட்டும் கொதித்துப்போனார்கள். ஏன்? அவர்களுடைய ஆண்டுச் சம்பளத்தை 225 டினாரியஸிலிருந்து (ரோம வெள்ளிக்காசு) 300 ஆக உயர்த்தியவர் அவர். ஒரே மனிதர், மூன்று தரப்பு, மூன்று மதிப்பீடு. எட்டு மதிப்பெண் கேள்விக்கு இந்த ஒரு சம்பவமே முக்கால்வாசிப் பதில்.

குதிரைக் கதையும் இப்படித்தான். கலிகுலா குதிரையைக் கான்சல் ஆக்கியதாக யாரும் எழுதவில்லை. ஆக்க நினைத்ததாகச் சொல்கிறார்கள் என்பது சுவெட்டோனியஸ். ஆக்கப்போவதாக வாக்குக் கொடுத்தார் என்பது டியோ. நாம் ஒரே தாவலில் பதவியே கொடுத்துவிடுகிறோம்.

கெட்டவர்களிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதாது. நான்கு நோட்டிலும் ‘அகஸ்டஸ் ரோமக் குடியரசை மீட்டார்’ என்று இருந்தது. யார் சொன்னது? அகஸ்டஸே சொன்னது. தன் சாதனைகளைத் தானே பட்டியல் போட்டு, இறந்த பிறகு வெண்கலத்தில் பொறித்து வைக்கச் சொன்னார். இன்றைய துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் அதன் பிரதி இருக்கிறது. ‘பத்தொன்பது வயதில் என் சொந்தச் செலவில் படை திரட்டினேன்’ என்று தொடங்குகிறது. ஒரு தனி ஆள், அந்த வயதில், எந்தப் பதவியும் இல்லாமல் படை திரட்டினால் சட்டப்படி அதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்சிக்குப் போட்டியிட்ட ஆண்டனியோடு அவ்வளவு பெரிய போர் நடத்தினாரே, அந்தப் பட்டியலில் ஆண்டனி என்ற பெயரே வராது. அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ், காசியஸ் பெயரும் வராது, ‘என் தந்தையைக் கொன்றவர்கள்’ என்று மட்டும் வரும். விட்டுப்போன பெயர்களும் நமக்குச் சான்றுதான்.

நான் இப்போது பிள்ளைகளைச் செய்யச் சொல்வது இவ்வளவுதான். நோட்டில் இடது பக்கம் சம்பவம், வலது பக்கம் அதைச் சொன்னவர் பெயர், சம்பவத்துக்கு எத்தனை வருடம் கழித்துச் சொன்னார், அவர் எந்தத் தரப்பு. முதல் வாரம் சலித்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெண், வலது பக்கத்தை நிரப்ப முடியாமல், “அக்கா, இதை யார் சொன்னார்கள் என்றே கைடில் இல்லை, எழுதட்டுமா வேண்டாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வரைபடம் இல்லாமல் படிப்பது

ரோம் என்றால் இத்தாலி என்று நினைத்தே நான் பாதி அத்தியாயத்தை முடித்தேன். வடக்கே ரைன், டான்யூப் ஆறுகள், தெற்கே சஹாரா, கிழக்கே யூப்ரடீஸ், நடுவில் மத்தியதரைக் கடல். கடல்தான் அந்தப் பேரரசின் நடுமுற்றம். எகிப்தின் தானியம் அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பலில் வந்தது, ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் மண்சாடிகளில் வந்தது. காலியான எண்ணெய்ச் சாடிகளை உடைத்து அடுக்கிய இடம் ரோம் நகரில் இன்றும் ஒரு குன்றாக நிற்கிறது, சுமார் 35 மீட்டர் உயரம், பெயர் மான்டே டெஸ்டாச்சியோ. டிராஜன் பிறந்தது ஸ்பெயினில், செப்டிமியஸ் செவரஸ் பிறந்தது இன்றைய லிபியாவில். இதையெல்லாம் படத்தில் ஒருமுறை கையால் குறித்துவிட்டால் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

செஸ்டர்ஷியஸும் டினாரியஸும்

இரண்டும் ரோமக் காசுகள். நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு டினாரியஸ். கலக்காதீர்கள்.

ரோம நாணயம் கிடைத்தால் ரோமானியர் குடியிருந்தார்கள் என்று எழுதுவது

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசையோடு செய்கிற தவறு இது, அந்த ஆசை எனக்கும் உண்டு. கோவைப் பக்கம் ரோமக் காசுகள் நிறைய கிடைத்திருக்கின்றன. காசு கைமாறும், ஆள் வர வேண்டும் என்று இல்லை. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டை 1945-ல் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர், இத்தாலியப் பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு அதை ரோமானியரின் வணிக நிலையம் என்றே எழுதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோது, ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அது நம் ஆட்கள் வாழ்ந்த ஊர் என்பது தெளிவானது. எழுத நினைத்தால் வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸைப் பற்றி எழுதுங்கள் (முசிறி சேர நாட்டுத் துறைமுகம், பாப்பிரஸ் நாணல் தாளில் எழுதிய ஆவணம்). ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் விவரமும் மதிப்பும் அதில் இருக்கிறது. அப்புறம் மாமா பிளினி, வருடம் 5 கோடி செஸ்டர்ஷியஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று நொந்துகொள்கிறாரே, அவர் ஆடம்பரத்தைத் திட்டுவதற்காக அதைச் சொல்கிறார், அந்தத் தொகையைக் கணக்குப் புத்தகத் தொகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வணிகத்தைக் கரையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தவர் அகநானூற்றில் பாடியிருக்கிறார்: யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) மரக்கலம் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’, கறி என்றால் இங்கே மிளகு. இரண்டையும் சேர்த்து எழுதிய பையனுக்குப் பள்ளியில் முழு மதிப்பெண் கிடைத்தது.

476-ல் ரோம் முடிந்தது

மேற்குப் பகுதி மட்டும். கிழக்குப் பகுதி கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) 1453 வரை ஓடியது.

படம் பார்த்துப் பாடம் எழுதுவது

தாராளமாகப் பாருங்கள், எனக்கும் ரோமின் மேல் ஆசை வந்தது ஒரு படத்தால்தான். ஆனால் ‘கிளாடியேட்டர்’ படத்தில் வருவது போல, கொமோடஸ் தன் அப்பா பேரரசர் மார்கஸ் அரேலியஸை மூச்சுத் திணற வைத்துக் கொன்றார் என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். அப்பா கி.பி. 180-ல் நோயில் இறந்தார், அதற்கு மூன்று வருடம் முன்பே மகனைத் தன்னோடு பேரரசராக்கியிருந்தார். கொமோடஸ் செத்ததும் அரங்கத்தில் அல்ல. கி.பி. 192-ன் கடைசி நாள், குளிக்கப் போன இடத்தில், அவரோடு பயிற்சி செய்துவந்த மல்யுத்த வீரன் ஒருவன் கழுத்தை நெரித்தான்.